உயிர்த்த ஞாயிற்றுக்கு மறுநாள்

12 பெப்ரவரி 1979, திங்கள்

சனிக்கிழமை சம்பளம். நேற்று ஞாயிறு. இன்று திங்கள். இவ்வளவு எழுதினாலே போதும், மீதியை எங்கள் றப்பர் தோட்டத்துக் கீழ்க்கணக்கு லய வீடுகளில் யாரைக் கேட்டாலும் சொல்லிவிடுவார்கள்.

விடிய வேலைக்கு ஆள் கூப்பிடுகிற பெரட்டுக்குத் தப்பு அடித்த சத்தம் கேட்டு என் வீட்டுக்காரர் எழும்பி உட்கார்ந்தார். உட்கார்ந்த வேகத்திலேயே சாய்ந்தார். கண் இரண்டும் செம்பருத்தி. "தெரேசு, தல வெடிக்குதுடி" என்றார். வெடிக்கட்டும் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். அதற்குள் கை எலுமிச்சங்காயைப் பிழிந்து உப்புப் போட்டுக் கலக்கிவிட்டது. நெற்றியில் ஈரத்துணி, கட்டிலுக்குப் பக்கத்தில் வாளி. மகள் செலினிடம் சத்தம் போடாதே என்று சொல்லவே தேவையில்லை. ஒன்பது வயதுதான், ஆனால் சம்பளத்துக்கு அடுத்த திங்கட்கிழமை எப்படி நடக்கவேண்டும் என்று அவளுக்குத் தெரியும்.

பிறகு பெரட்டுக்களத்துக்கு ஓட்டம். அல்பிரட் கங்காணி பெயர் கூப்பிட முன்னம் போய் நிற்கவேண்டும். "செலின் அப்பாவுக்குக் காய்ச்சலுங்க." கங்காணி என் முகத்தைப் பார்க்காமலே, "மாசாமாசம் வர்ற காய்ச்சலா?" என்றார். நாலு பேர் சிரித்தார்கள். இவர் பால் வெட்டும் மரங்களை இன்னொருவருக்குக் கொடுத்தார்கள். நானும் ஏதோ சிரிப்புக்குச் சிரித்து வைத்தேன். அதுதான் இப்போது நெஞ்சை அறுக்கிறது.

அதற்குப் பிறகு பிள்ளைக் காம்பராவைத் திறந்தேன். றப்பர் மரத்துக்குப் போகிற தாய்மார் போகிற போக்கில் கைக்குழந்தைகளை என் மடியில் இறக்கிவிட்டுப் போனார்கள். வெயில் ஏறுவதற்குள் அத்தனையும் தொட்டிலில் தூங்கின. ஊர்ப் பிள்ளைகளைத் தூங்கவைக்கிற ஆயம்மா தான் மட்டும் சனிக்கிழமையிலிருந்து கண் மூடவில்லை. குடித்தவர் அவர், தலையிடி எனக்கு.

எழுதினால்தான் ஆறுகிறது. இல்லாவிட்டால் குழாயடியில் யாரோடாவது சண்டை பிடித்துவிடுவேன். மடத்துச் சிஸ்டர்மார் பழக்கிவிட்ட பழக்கங்களில் இது ஒன்றுதான் இன்னும் மிஞ்சியிருக்கிறது.

13 பெப்ரவரி

இன்று வேலைக்குப் போனார். கை நடுங்கி, கத்தி பட்டையைத் தாண்டிக் கட்டையில் இறங்கிவிட்டதாம். கங்காணி நல்ல ஏச்சு. சாப்பிடும்போது, "பாவம் தெரேசு, அந்த மரம்" என்றார். மரத்துக்குப் பாவம் பார்க்கத் தெரிகிறது.

28 பெப்ரவரி, விபூதிப் புதன்

பலாங்கொடையிலிருந்து சாமியார் வந்து பூசை வைத்தார். செலின் அப்பா முன்வரிசையில் முழங்காலில் நின்று நெற்றியில் சாம்பல் வாங்கினார். எழும்பி வந்து என் காதுக்குப் பக்கத்தில், "இந்தத் தடவ ஈஸ்டரோட நிப்பாட்ட மாட்டேன் தெரேசு. ஒரேயடியா விட்டுட்டேன்" என்றார்.

சிரிப்பதா அழுவதா? குடிகாரன் பேச்சு விடிஞ்சால் போச்சு என்பார்கள். இவர் பேச்சு விடிந்தால் போகாது, அதையும் சொல்லவேண்டும். தபசு காலம் நாற்பது நாளும் இவரை விடப் பரிசுத்தர் இந்தத் தோட்டத்தில் கிடையாது. சொட்டுக்கூடத் தொடமாட்டார். உயிர்த்த ஞாயிறு பூசை முடிந்ததும் கூட்டாளிகள் வருவார்கள். "ஆண்டவரே எழும்பிட்டாரு, நீ இன்னும் படுத்திருக்கியே மச்சான்!" அவ்வளவுதான். நாற்பது நாள் பட்டினி கிடந்த தொண்டை ஒரே பின்னேரத்தில் வட்டியும் முதலுமாக வாங்கிவிடும். கல்யாணமான நாளிலிருந்து ஒவ்வொரு ஈஸ்டரும் இப்படித்தான். உயிர்த்த ஞாயிற்றுக்கு மறுநாளைப் போல ஒரு திங்கட்கிழமை வருசத்தில் வேறு கிடையாது.

நானும் இன்று ஒன்று முடிவு செய்தேன். அவரிடம் சொல்லவில்லை. இந்த ஈஸ்டருக்கு அவர் விழுந்தால், செலினைக் கூட்டிக்கொண்டு கலவானைக்கு ரோசம்மா அக்கா வீட்டுக்குப் போய்விடுவேன். திரும்பி வரமாட்டேன். கட்டிலுக்கு அடியில் கிடந்த தகரப் பெட்டியைத் தூசு தட்டி, அவளுக்கும் எனக்கும் உடுப்பு அடுக்கி வைத்துவிட்டேன். கோபத்தில் செய்யவில்லை. கோபம் இருந்தால் கொஞ்சம் நல்லாயிருக்கும். களைத்துப் போய்விட்டேன், அதுதான் உண்மை.

12 மார்ச், திங்கள்

முந்தாநாள் சம்பளம். குடிக்கவில்லை. இன்று தப்புச் சத்தம் கேட்டதும் நான் அடித்துப் பிடித்து எழும்பி எலுமிச்சங்காயை வெட்டிவிட்டேன். அவர் கத்தியைத் தீட்டிக்கொண்டு வாசலில் உட்கார்ந்திருந்தார். "யாருக்கு அது?" என்று கேட்டார். "எனக்குத்தான், வாய் கசக்குது" என்று சொல்லி அவர் பார்க்க முழுவதையும் குடித்தேன். புளிப்பில் பல் கூசிப்போயிற்று.

குழந்தைகளுக்கு இருமல் மருந்து வாங்க டிஸ்பென்சரிக்குப் போனேன். மருந்து கொடுக்கிற கணேசலிங்கம் ஐயா இல்லை. அவருடைய மனைவி குணேஸ்வரி அம்மாதான் எடுத்துத் தந்தார். யாழ்ப்பாணத்து அம்மா, மனதில் ஒன்றும் வைத்துக்கொள்ளத் தெரியாது. "என்ன தெரேசம்மா, முகம் இப்பிடி வாடிக் கிடக்கு? உம்மட மனுசன் குடிக்கிறேல்ல எண்டெல்லோ எல்லாரும் கதைக்கினம்?"

"ஆமாங்கம்மா. குடிக்கிறதில்லீங்க."

"அப்ப சந்தோசமா இருமன் பிள்ளை."

இருக்கலாம்தான். எப்படி என்று அந்த அம்மா சொல்லித் தரவில்லை.

25 மார்ச், ஞாயிறு

வீடு அமைதியாக இருக்கிறது. அந்த அமைதிதான் பயமாக இருக்கிறது. முன்பெல்லாம் இடி எப்போது விழும் என்று தெரியும். சம்பளச் சனி, திருநாள், கல்யாணம், சாவு, அவ்வளவுதான். இப்போது எந்நேரமும் வானத்தைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியிருக்கிறது.

அவர் வெளியே போய்விட்டு வந்தால் நான் ஏதாவது சாட்டு வைத்துப் பக்கத்தில் போகிறேன். சட்டையில் நூல் ஒட்டியிருக்கிறது என்பேன். முதுகில் எறும்பு என்பேன். மூக்குத்தான் முன்னுக்குப் போகும். இன்று கோயிலடியிலிருந்து வந்தார். நான் நூல் எடுக்கப் போகுமுன்னமே வாயைத் திறந்து என் முகத்துக்கு நேரே ஊதினார். வெற்றிலை வாசம்.

"போதுமா?" என்றார். கோபமில்லை. அதனால்தான் எனக்கு வெட்கம் பிய்த்துத் தின்றது.

13 ஏப்ரல், பெரிய வெள்ளி

இந்த வருசம் என்ன கொடுமையோ, பெரிய வெள்ளியும் சித்திரை வருசமும் ஒன்றாக வந்து விழுந்திருக்கின்றன. நாங்கள் சிலுவைப்பாதைக்கு நடக்கிறோம், பக்கத்து லயத்தில் பட்டாசு. கஞ்சி குடித்துவிட்டு ஒருசந்தி இருக்கிறோம், ஆற்றங்கரைப் பக்கமிருந்து கசிப்புச் சாராயம் காய்ச்சுகிற வாசம் காற்றோடு ஏறி வருகிறது. நானே முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டேன். அவருக்கு எப்படி இருந்திருக்கும்? முகத்தைப் பார்த்தேன். கீழ் உதட்டைக் கடித்துக்கொண்டு சிலுவையைத் தூக்கிப் போனார்.

14 ஏப்ரல், சனி

வருசப் பிறப்பு. பால் வெட்டுக்கு வருகிற பக்கத்து ஊர்ச் சிங்கள ஆட்கள் கொக்கிசுப் பலகாரமும் கித்துள் கள்ளும் கொண்டு கூட்டாளிகளைப் பார்க்க வந்தார்கள். எங்கள் ஆட்களும் சும்மா இல்லை. "தேவதாஸ் அய்யே எங்க? தேவதாஸ் அய்யே!" என்று அண்ணன் முறை வைத்து இவரை லயத்தின் இந்த முனையிலிருந்து அந்த முனை வரைக்கும் தேடினார்கள். ஆள் இல்லை.

எனக்கு உயிரே இல்லை. எந்தப் புதரில் யாரோடு உட்கார்ந்திருக்கிறாரோ என்று தோட்டமெல்லாம் தேடினேன். கடைசியில் பார்த்தால் பூட்டிக் கிடக்கும் என் பிள்ளைக் காம்பராவின் பின் ஜன்னல் திறந்திருக்கிறது. உள்ளே தரையில் பாயை விரித்து, குழந்தைகளுடைய குட்டித் தலையணையில் தலையை வைத்துக்கொண்டு ஆள் மல்லாந்து கிடக்கிறார். மேலே வெறும் தொட்டில்கள் தொங்குகின்றன. "இங்கதான் யாரும் தேட மாட்டானுங்க" என்றார்.

அந்தக் கோலத்தைப் பார்த்து எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மனிதர் இவ்வளவு பாடுபடுகிறாரே என்று அன்பும் வந்தது. பெரிய பிள்ளை ஒன்று என் கணக்கில் கூடிவிட்டது என்று சொல்லி, அவருக்கும் ஒரு பிளேன்டீ போட்டுக் கொடுத்தேன். செலினும் வந்து அங்கேயே படம் கீறிக்கொண்டிருந்தாள். நல்ல நாள்தான். நாளையை நினைக்காவிட்டால்.

15 ஏப்ரல், உயிர்த்த ஞாயிறு, பின்னேரம்

பூசை முடிந்து வந்தோம். இறைச்சிக் கறி வைத்தேன். சாப்பிட்டுவிட்டு, கோயில் பந்தலைக் கழற்றவேண்டும் என்று போனார். பந்தல் கழற்றப் போகிறவர்கள் யார் யார் என்று எனக்குத் தெரியும். எல்லாம் பழைய கூட்டாளிகள்.

கொஞ்சம் முன்னம் அல்பிரட் கங்காணி லயத்துக்கு வந்தார். வருசத்துக்கு ஆட்கள் ஊர் ஊராகப் போய்விட்டார்கள், நாளைக்கு யார் யார் வேலைக்கு என்று வீடு வீடாகக் கேட்டுக்கொண்டு போகிறார். "ஒங்க வீட்டுக்காரரு வருவாராம்மா?" என்று கேட்டார்.

"செலின் அப்பாவுக்குக் காய்ச்சலுங்க. நாளைக்கு வரமாட்டாருங்க" என்றேன். வாய் தானாகச் சொல்லிவிட்டது. கங்காணியும் தலையை ஆட்டிவிட்டுப் போய்விட்டார். வெயில் இன்னும் சாயவில்லை.

பெட்டியை இழுத்துப் பார்த்தேன். எல்லாம் சரியாக இருக்கிறது.

16 ஏப்ரல், திங்கள்

எப்படி எழுதுவது இதை?

நேற்று விளக்கு வைக்குமுன்னமே அவர் வந்துவிட்டார். மூங்கில் கீறின கையோடு, வியர்வையும் மெழுகுதிரி வாசமுமாக. வேறு ஒரு வாசமும் இல்லை. மிச்சக் கறியில் ரொட்டியைத் தோய்த்துச் சாப்பிட்டார். படுத்தார். நான் பக்கத்தில் கிடந்து, இப்போது எழும்பிப் போவார், இப்போது எழும்பிப் போவார் என்று மூச்சை எண்ணிக்கொண்டிருந்தேன். போகவில்லை. கங்காணியிடம் சொன்னது நினைவிலேயே இல்லை. கர்த்தரே, எனக்கு அது ஏன் நினைவுக்கு வராமல் போயிற்று?

விடியத் தப்பு அடித்ததும் எனக்கு முன்னமே எழும்பினார். முகம் கழுவினார். கத்தியும் வாளியும் எடுத்துக்கொண்டு, கல்யாண வீட்டுக்குப் போகிறவர் மாதிரிப் போனார். ஈஸ்டருக்கு மறுநாள் அவர் பெரட்டுக்குப் போவது இதுதான் முதல் தடவை. நான் வாசலில் நின்று பார்த்து அழுதேன். சந்தோசத்தில்.

பிள்ளைக் காம்பராவைத் திறக்கும்போதுதான் உறைத்தது. அடுத்த வீட்டுப் பேச்சாயி குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு ஓடி வந்தாள்.

"அக்கா, என்னக்கா பண்ணி வச்சிருக்கீங்க? அண்ணே கத்தியோட வரிசையில நிக்கிறாரு. கங்காணி பேரே கூப்பிடல. 'எம்பேரு?'ங்கிறாரு. 'ஒனக்குத்தான் காய்ச்சலாச்சே, நேத்தே ஒம்பொஞ்சாதி சொல்லிருச்சே'ங்கிறாரு கங்காணி. அண்ணனோட மரத்தயெல்லாம் வேற ஆளுக்குக் குடுத்தாச்சு. எல்லாரும் சிரிச்சிட்டாங்கக்கா."

"அவரு என்ன சொன்னாரு?"

"'நேத்து எந்நேரம் சொன்னா?'ன்னு மட்டுந்தான் கேட்டாரு. வெயில் இருக்கையிலேன்னாரு கங்காணி. கத்திய இடுப்புல சொருகிக்கிட்டு ரோட்டுப் பக்கம் எறங்கிட்டாரு."

பெல்மதுளை பஸ்ஸில் ஏறினதைப் பேச்சாயியின் புருசன் பார்த்தானாம். பெல்மதுளையில் பஸ் நிற்கிற இடத்துக்கு எதிரே சாராயத் தவறணை.

குழந்தைகளைப் போட்டுவிட்டு எங்கே ஓடுவது? ஒன்று அழுதால் இன்னொன்று அழுகிறது. இன்று ஒன்றும் தூங்கவில்லை. என் கை ஆட்டினால் தொட்டிலுக்குத் தெரிந்துவிடுகிறது போல. அவர் விழவில்லை. நான்தான் தள்ளிவிட்டேன். ஏன்டி சொன்ன? யாருடி ஒன்னக் கேட்டா? இன்னும் விழாத மனுசனுக்கு முந்தின நாளே குழி வெட்டி வச்சவ நீதானே! பகல் முழுக்க இதையே முணுமுணுத்துக்கொண்டு திரிந்தேன். செலின் விளையாடிவிட்டு வந்து, "அப்பா எங்கம்மா?" என்று கேட்டாள். "டவுனுக்கு" என்றேன். அவள் புத்தகங்களை எடுத்துக்கொண்டு பேச்சாயி வீட்டுக்குப் போனாள்.

பொழுதுபட வந்தார். படியேறுகிற சத்தத்தைக் கேட்டேன். கால் தடுமாறவில்லை. நான் மூக்கை மூடிக்கொள்ளாத குறை. மணந்து பார்க்கக்கூடாது, கூடாது என்று சுவரோடு ஒட்டி நின்றேன்.

அவரே சொன்னார். "நுஹ்மான் பாய் கடையில உக்காந்து பிளேன்டீயா குடிச்சேன். பாயே போதும்னுட்டாரு. எதுத்தாப்புல தவறணை. பாத்துக்கிட்டே இருந்தேன்."

அடுப்பில் ரொட்டி கிடந்தது, நான் சுவரை விட்டு நகரவில்லை.

"நீ சொன்னத நெசமாக்கிட்டா ஒனக்கு நிம்மதியா இருக்குமோன்னு யோசிச்சேன் தெரேசு. இப்படிப் பயந்துக்கிட்டே கெடக்கிறியே, அதுக்கு அது தேவலயோன்னு."

கட்டிலுக்கு அடியில் இருந்த பெட்டியைக் காலால் காட்டினார். "அதுவும் எனக்குத் தெரியும். விபூதிப் புதன்லருந்து தெரியும்."

அழுதேன். மன்னிச்சிருங்க என்று சொன்னேனா என்றுகூட நினைவில்லை. அவர் கை கால் கழுவிவிட்டு வந்து, பேச்சாயி வீட்டிலிருந்து செலினைக் கூட்டி வந்தார். சாப்பிட்டோம். ரொட்டி கருகியிருந்தது.

17 ஏப்ரல்

வேலைக்குப் போனார். பேசவில்லை.

19 ஏப்ரல்

"உப்பு கொஞ்சம் கூட" என்றார். இதையும் பேச்சென்று எடுத்துக்கொள்கிறேன்.

22 ஏப்ரல், ஞாயிறு

இன்று பேசினார். நானாகத்தான் ஆரம்பித்தேன். "நீங்க விட்டுட்டீங்க, எனக்கு விடல. நீங்க குடிச்ச அத்தன வருசத்துக்கும் எனக்கு இப்பத்தான் தல இடிக்குது" என்றேன். இப்படியெல்லாம் அவரிடம் பேசுகிற வழக்கமில்லை.

அவர் பல்லுக்குள் வைத்திருந்த ஈர்க்குச்சியை எடுத்துப் போட்டார். "மரத்துல முந்தின நாளு வெட்டுன எடத்துல ஒட்டுப்பாலு காஞ்சி கெடக்குமில்ல? அத உரிக்காம அடுத்த வெட்டுப் போட ஏலாது. வெடுக்குன்னு இழுத்தா அறுந்துக்கிட்டு வரும், பாதி மரத்துலேயே நிக்கும். மெல்லமாத்தான் உரிக்கணும். நீயும் மெல்லமா உரி. நான் எங்க போயிறப் போறேன், நிக்கிறேன்."

"மரம் மாதிரி நிக்கிறதுல நீங்க கெட்டிக்காரருதான்" என்றேன். சிரித்தார். ஆறு நாளைக்குப் பிறகு.

என்ன நினைத்து இந்தத் தடவை விட்டீர்கள் என்றும் கேட்டேன். பெப்ரவரி சம்பளச் சனிக்கிழமை அவர் படியேறும்போது ஜன்னலால் பார்த்தாராம். செலின் விளக்கில் பாடம் எழுதிக்கொண்டிருந்தவள், இவர் செருமின சத்தம் கேட்டதும் விளக்கை ஊதிவிட்டுப் பாயில் படுத்துக் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டாளாம். "என்னயப் பாத்து வெளக்க அணைக்குது புள்ள" என்றவர், எழும்பி வாசலுக்குப் போய்விட்டார்.

12 மே, சனி

சம்பளம். சம்பளத்தோடு அவரைப் பிடிக்க ஆபீசுக்குப் போகக்கூடாது என்று காலையிலிருந்து சபதம் எடுத்தேன். மத்தியானம் ஆபீஸ் வாசலில் நின்றுகொண்டிருக்கிறேன்! கால்கள் தாங்களாகப் போய்விட்டன. பழக்கதோசம். அவர் வெளியே வந்தார், என்னைக் கண்டார். எல்லாருக்கும் கேட்கிற மாதிரி, "என் வீட்டம்மா என்னயக் கூட்டிட்டுப் போக வந்திருக்கு" என்று சொல்லி, பெண்ணைப் பார்க்க வந்த மாப்பிள்ளை மாதிரி நெளிந்து நெளிந்து நடந்தார். எனக்கு வெட்கமும் சிரிப்பும். கையைக் கிள்ளினேன்.

6 ஜூன், புதன்

குணேஸ்வரி அம்மா ஒரு கதை சொன்னார். வெள்ளைக்காரத் துரையும் துரைசாணியும் தோட்டத்தை விட்டுப் போய் எத்தனை வருசமாகிறது? தோட்டம் அரசாங்கத்துக்கு வந்து, இப்போது இருக்கிற துரை தனி ஆள். சிங்களவர், நல்ல மனிதர், குவளையில் தேத்தண்ணி குடிக்கிறவர். ஆனால் பங்களாவில் சமைக்கிற அப்பு இன்னும் பின்னேரமானால் மேசைக்கு வெள்ளைத் துணி விரித்து இரண்டு கோப்பையும் பால்சாடியும் வைக்கிறாராம். துரை கேட்டால், "பழகிருச்சுங்க" என்று எடுத்துவிடுவாராம். அடுத்த நாள் மறுபடி இரண்டு கோப்பை.

"விசர் மனுசன்" என்று குணேஸ்வரி அம்மா சிரித்தார். நானும் சிரித்தேன். வீட்டுக்கு வருகிற வழியில் சிரிப்பு நின்றுவிட்டது. அப்புவும் நானும் ஒரே சாதிதான். போன ஆளுக்கு இன்னும் கோப்பை வைக்கிறோம்.

8 ஜூலை, ஞாயிறு

அவர் பாடி எத்தனை மாதமாயிற்று! நல்ல குரல். குடித்தால்தான் பாடுவார் என்பதால், பாட்டுக் கேட்டாலே எங்களுக்குக் குலை நடுங்கும். அதனால் குடியோடு பாட்டையும் விட்டுவிட்டார் போல.

இன்று மழையில் நனைந்து தண்ணீர்க் குடத்தோடு படியேறினவர் தன்னை மறந்து எடுத்துவிட்டார். ஒரு வரிதான். செலின் சடாரென்று எழும்பிப் புத்தகங்களை அள்ளிக்கொண்டு பின் கதவுக்கு ஓடினாள். அவர் குடத்தை இறக்காமலே வாசலில் நின்றுவிட்டார். பாட்டு அறுந்துபோயிற்று.

நான் போய்ச் செலினின் கையைப் பிடித்தேன். "அப்பா சும்மாதான் பாடுறாரு" என்றேன். அவள் என்னைப் பார்த்தாள். நானே நம்பாததை அவள் எப்படி நம்புவாள்? நான் போய் உட்கார்ந்தேன், அவளையும் பக்கத்தில் உட்காரவைத்தேன். "பாடுங்க" என்றேன். அவர் மாட்டேன் என்று தலையாட்டினார். "பாடுங்கங்கிறேன்ல!" என்று ஏசின பிறகுதான் பாடினார். குடத்தைத் தோளில் வைத்துக்கொண்டே, முழுப் பாட்டும். செலின் புத்தகங்களை நெஞ்சோடு அணைத்தபடி கேட்டுக்கொண்டிருந்தாள். முடிந்ததும், "இன்னொண்ணு தெரியுமாப்பா?" என்றாள்.

21 ஆகஸ்ட், செவ்வாய்

அவருக்குக் காய்ச்சல். நிசக் காய்ச்சல்! உடம்பு அனலாகக் கொதிக்கிறது. விடியப் பெரட்டுக்களத்துக்குப் போய், "செலின் அப்பாவுக்குக் காய்ச்சலுங்க" என்றேன். பெரட்டே கொல்லென்று சிரித்தது. அல்பிரட் கங்காணி, "வந்திருச்சா? நானும் இத்தன நாளாக் காணோமேன்னு பாத்தேன்" என்றார்.

எனக்கு எங்கிருந்து அந்த ஆங்காரம் வந்ததோ. "வந்து தொட்டுப் பாருங்க" என்றேன். "சரிம்மா, சரிம்மா" என்றார். "சரிம்மா இல்லீங்க. இப்பவே வாங்க." வழியை மறித்துக்கொண்டு நின்றேன். கடைசியில் அந்த மனிதரை லயம் வரைக்கும் நடத்திக்கொண்டு வந்து, கட்டிலுக்குப் பக்கத்தில் நிறுத்தி, அவர் நெற்றியில் கை வைக்கச் சொன்னேன். கங்காணி தொட்டார். கையை வெடுக்கென்று எடுத்தார். "ஐயோ, கொதிக்குதே" என்றார். குனிந்து மூச்சையும் மணந்து பார்த்தார். அதையும் பார்க்கட்டும்.

"நம்ம தேவதாசுக்கு நெசமாவே காய்ச்சல்" என்று கங்காணி வெளியே போய் எல்லாருக்கும் சொன்னார். மத்தியானத்துக்குள் தோட்டமெல்லாம் செய்தி. அவர் போர்வைக்குள் கிடந்து, "காய்ச்சல் வந்ததுக்கு இப்படிச் சந்தோசப்படுற பொஞ்சாதி ஒலகத்துல நீ ஒருத்திதான்டி" என்று முனகினார். கணேசலிங்கம் ஐயா வந்து ஊசி போட்டார். கஞ்சி கொடுத்தேன். தேறிவிடுவார்.

9 செப்டம்பர்

பெட்டியைப் பிரித்தேன். செலினுடைய சட்டை இரண்டும் அவளுக்குக் கட்டையாகப் போய்விட்டன. பேச்சாயி மகளுக்குக் கொடுத்துவிட்டேன்.

4 நவம்பர், ஞாயிறு

நேற்று பலாங்கொடையில் அவருடைய பழைய கூட்டாளி ஒருவரின் மகளுக்குக் கல்யாணம். செலினுக்கு இருமல், அதனால் நான் போகவில்லை. அவர் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு தனியாகப் போனார். "கல்யாண வீடுக்கா, கவனம்" என்று பேச்சாயி என் காதில் ஓதிவிட்டுப் போனாள். செலினுக்கு மருந்து கொடுத்தேன், கதவுக்குத் தாழ்ப்பாள் போட்டேன், அவர் வரும்வரை சும்மா சாய்ந்திருக்கலாம் என்று சாய்ந்தேன்.

கண் விழித்துப் பார்த்தால் கூரை ஓட்டைவழியாக வெயில் முகத்தில் அடிக்கிறது. பக்கத்தில் அவர் இல்லை. ஓடிப்போய்க் கதவைத் திறந்தேன்.

பேச்சாயி வீட்டு இஸ்தோப்புத் திண்ணையில் சாக்கு விரித்து, வெள்ளைச் சட்டையை மடித்துத் தலைக்கு வைத்து, சாரத்தால் போர்த்திக்கொண்டு கிடக்கிறார். சுற்றிப் பாதி லயம் நிற்கிறது. அல்பிரட் கங்காணி இடுப்பில் கை வைத்துக்கொண்டு, "பழையபடி ஆரம்பிச்சாச்சு போல" என்கிறார். பேச்சாயி என்னைக் கண்டதும், "நல்லாப் பண்ணீங்கக்கா! குடிச்சிட்டு வந்தா உள்ள விடக்கூடாது, அப்பத்தான் புத்தி வரும்" என்றாள்.

சத்தத்தில் அவர் எழும்பி உட்கார்ந்தார். தலை கலைந்து, கண் சிவந்து, முகமெல்லாம் நுளம்புக்கடி. என்னைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார்.

"தட்டித் தட்டிக் கையி ஓஞ்சி போச்சுடி. பேரச் சொல்லிக் கூப்புட்டேன், ஜன்னலத் தட்டுனேன். உள்ள புள்ள இருமுறது கேக்குது, ஒன் கொறட்டையும் கேக்குது. கதவ ஒடச்சிருவோமான்னுகூட நெனச்சேன்."

எல்லாரும் என் முகத்தைப் பார்த்தார்கள்.

"அவரு குடிக்கல" என்றேன். "நான் தூங்கிட்டேன்."

ஒருவரும் நம்பவில்லை. கங்காணி உச்சுக்கொட்டிவிட்டுப் போனார். பேச்சாயி, பாவம், புருசனை விட்டுக்கொடுக்க மாட்டேன் என்கிறாளே என்று என்னை இரக்கமாகப் பார்த்தாள். அவர் சாக்கை உதறி மடித்துக்கொண்டே சிரித்தார், நான் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே ஓடினேன்.

மத்தியானம் சோறாக்கிச் சாப்பிட்டோம். அவர் செலினுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தார். நான் அப்படியே படுத்து மறுபடியும் ஒரு தூக்கம் போட்டேன்.